அழிவுக்கு முன் வரும் விமானம் எங்கே?

இயந்திரத்துக்கு வயது உண்டு, நோக்கம் கிடையாது. நோக்கம் அதனை வைத்திருப்போருடையது. இவ்வெளிய உண்மையை இந்து சமுத்திரத்தின் மீது பறந்துவரும் பழைய ஜெட் விமானங்களைப்போல் தெளிவாக எடுத்துக்காட்டுவது வேறொன்றில்லை. அரை நூற்றாண்டுக்கு முன்னரும் அதற்கு முன்னரும் வரையப்பெற்ற நெடுந்தூர ஜெட் விமானங்கள் மூவகைப் பணிகளுக்காக எமது கடற்பரப்புக்கு வந்திருக்கின்றன. ஒருவகை, அழிப்பதற்கு வருவது. இன்னொருவகை, அழிந்தபின் உதவுவதற்கு வருவது. மூன்றாம்வகை, அழிவு வருமுன் வானத்தை அளந்து சொல்வதற்கு வருவது. முதலிரு வகையும் பலமுறை வந்துவிட்டன. மூன்றாம்வகையோ தலைமுறைக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. அந்த மூன்றாவது விமானத்தை எமது கடலுக்கு நிரந்தரமாகக் கேட்டுப் பெறுவது தமிழ் பேசும் மக்களின் அரசியற் கடமைகளுள் ஒன்று என்பதே எமது வாதம்.

வட்டக்கச்சிக் கமக்காரனுக்கும் நாற்பதினாயிரம் அடி உயரத்திற் பறக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என வினவுவோர் உளர். சம்பந்தம் இல்லையென்று சொல்லும் பாக்கியம் வன்னி மக்களுக்கு வாய்க்கவில்லை. ஜெட் விமானத்தின் ஓசையை அவர்கள் விமான நிலையத்திற் கேட்டுப் பழகியவர்கள் அல்லர். பதுங்குகுழிக்குள் கேட்டுப் பழகியவர்கள். இஸ்ரேலிடமிருந்து 1996ஆம் ஆண்டு முதல் இலங்கை விமானப்படை பெற்றுக்கொண்ட விமானத்தின் பெயர் கிபீர். எபிரேய மொழியில் அது சிங்கக்குட்டியைக் குறிக்கும். வன்னியிலோ அச்சொல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடு என்பதற்கு மறுபெயராயிற்று.

அந்தக் கிபீர்களும் புதிய விமானங்களாக வந்தவை அல்ல. இஸ்ரேல் பயன்படுத்திக் கழித்தவை. அவற்றுள் ஐந்தைப் புதுப்பிக்க 2021ஆம் ஆண்டு ஐந்து கோடி அமெரிக்க டொலர் பெறுமதியான ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. யுத்தம் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. அடுத்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இந்நாடு தனது வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென உலகுக்கு அறிவித்தது. பழைய விமானத்தைப் புதுப்பிக்க இலங்கைக்குப் பணமில்லை என்று இனி எவரும் சொல்ல வேண்டாம். எந்த விமானத்தை, எந்தப் பணிக்கு என்பதே கேள்வி.

பழையது பறப்பது எவ்வாறு?

எழுபது வயது விமானம் எங்ஙனம் இன்னும் பறக்கிறது என வாசகர் வியக்கலாம். வன்னி மக்கள் வியக்கமாட்டார்கள். பொருளாதாரத் தடை இருந்த 1990களில் மண்ணெண்ணெயில் ஓடிய பழைய மோட்டார் வாகனங்களையும், உதிரிப்பாகம் கிடைக்காத காலத்தில் ஒன்றின் உறுப்பைக் கழற்றி மற்றொன்றிற் பூட்டி ஓட்டிய உழவு இயந்திரங்களையும் கண்டவர்கள் அவர்கள். கருத்து ஒன்றே, அளவுதான் வேறு. உறுதியான உடல், தொடர்ந்த பரிசோதனை, வேண்டும்போது புதிய எஞ்சின், கழித்துவிட்ட விமானங்களிலிருந்து பெறும் உதிரிப்பாகம், அனுபவம் வாய்ந்த இயந்திரத் தொழிலாளர் ஆகிய ஐந்தும் இருந்தால் விமானம் தன்னை வரைந்தவனையும் தாண்டி வாழும்.

அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானத்தை எடுத்துக்கொள்வோம். அது முதன்முதலிற் பறந்தது 1952ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள். மொத்தம் 744 விமானங்கள் கட்டப்பட்டன. கடைசி விமானம் 1962 ஒக்டோபரிற் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்தக் கடைசி வகையுள் எழுபத்தாறு இன்றும் சேவையில் உள்ளன. ஒவ்வொன்றும் எட்டு எஞ்சின்கள் கொண்டது. ஏறத்தாழ முப்பத்தொரு தொன் குண்டு சுமக்க வல்லது. இடையில் எரிபொருள் நிரப்பாமலே பதினாலாயிரம் கிலோமீட்டர் பறக்கக் கூடியது. அரிசோனாப் பாலைவனத்திற் கழித்துவிடப்பட்டுக் கிடந்த இரு பி-52 விமானங்கள் 2015இலும் 2019இலும் மீண்டும் பறக்கச் செய்யப்பட்டன. றோல்ஸ் றொய்ஸ் நிறுவனத்தின் புதிய எஞ்சின்களைப் பூட்ட 2021இல் முடிவாயிற்று. 2050ஐத் தாண்டியும் அவற்றைப் பறக்கவைப்பது அமெரிக்காவின் திட்டம். பாட்டன் ஓட்டிய விமானத்தைப் பேரன் ஓட்டும் காலம் வந்துவிட்டது.

இத்தகைய பேணலுக்கு வேண்டிய அறிவையும் உழைப்பையும் நாம் இகழவில்லை. அதைப் போற்றுகிறோம். நூறாண்டு கடந்த இரணைமடுக் குளத்தின் கட்டைப் பேணி வாழும் மக்கள், பேணுதலின் அருமையை அறியாதவர்கள் அல்லர். ஆயின், பேணப்படும் பொருள் யாருக்கு, எதற்கு என்ற வினாவைப் பேணுதலின் அருமை மறைத்துவிடக் கூடாது.

அழிக்க வரும் விமானம்

பி-52 எமக்கு அந்நியமான விமானம் அன்று. 1965 ஜூன் மாதம் முதல் அது வியட்நாமின் வயல்களிற் குண்டு பொழிந்தது. எம்மைப்போல் நெல் விதைத்து வாழ்ந்தவர்களின் வயல்கள் அவை. பின்னர் 1991இல் ஈராக்கையும், 2001இல் ஆப்கானிஸ்தானையும், 2003இல் மீண்டும் ஈராக்கையும் தாக்கப் பி-52 விமானங்கள் எங்கிருந்து புறப்பட்டன? கொழும்பிலிருந்து ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் தென்மேற்கே கிடக்கும் டியேகோ கார்சியாத் தீவிலிருந்து. 2025ஆம் ஆண்டிலும் அவை அத்தீவில் வந்து தங்கின.

அத்தீவின் வரலாறு கறை படிந்தது. 1965 நவம்பர் 8ஆம் நாள் பிரித்தானியா, தன் ஆட்சியின் கீழிருந்த மொரிசியஸிலிருந்து சாகோஸ் தீவுக்கூட்டத்தைப் பிரித்தெடுத்துப் புதிய குடியேற்ற நாடொன்றை உருவாக்கிற்று. அடுத்த ஆண்டு டிசம்பரில் அதனை அமெரிக்காவின் இராணுவத் தேவைக்கு விடும் உடன்படிக்கை செய்துகொள்ளப்பட்டது. 1968க்கும் 1973க்கும் இடையில் அங்கு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். அவர்களின் முன்னோருள் பெரும்பாலார் ஆபிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும், ஒரு சாரார் தென்னிந்தியாவிலிருந்தும் தென்னந்தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். அவர்கள் வளர்த்த நாய்கள் நச்சுப் புகையூட்டிக் கொல்லப்பட்டன. விமானத்துக்கு ஓடுபாதை வேண்டும்; ஓடுபாதைக்கு நிலம் வேண்டும்; நிலத்தில் மனிதர் இருந்தாற் போகட்டும் என்பதே அன்றைய நியாயம். இடம்பெயர்வு இன்னதென்று அறிந்த வன்னி மக்களுக்கு இதற்கு உரை தேவையில்லை.

இதனை எதிர்த்து எழுந்த முதற் குரல்களுள் ஒன்று இலங்கையிலிருந்தே எழுந்தது என்பதை இன்று நினைவூட்ட வேண்டியிருக்கிறது. பிரதம மந்திரி திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் முயற்சியால், இந்து சமுத்திரத்தைச் சமாதானப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யும் 2832ஆம் இலக்கத் தீர்மானத்தை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1971 டிசம்பர் 16ஆம் நாள் நிறைவேற்றியது. ஆதரவு 61; எதிர்ப்பு இல்லை; வாக்களியாதோர் 55. எதிர்த்து வாக்களிக்க வல்லரசுகளுக்கு நா எழவில்லை. ஆனால் ஏற்றுக்கொள்ள மனமும் வரவில்லை. உள்நாட்டிலே தமிழரின் உரிமைகளைப் பொறுத்தவரை அவ்வம்மையாரின் அரசாங்கத்தோடு எமக்கிருந்த வழக்குகள் பல. ஆயினும் அந்தத் தீர்மானம் நியாயமானது என்பதை ஒப்புக்கொள்வதில் எமக்குத் தயக்கமில்லை. நியாயம் எவர் வாயிலிருந்து வந்தாலும் நியாயமே.

சர்வதேச நீதிமன்றம் 2019 பெப்ரவரி 25ஆம் நாள் வழங்கிய ஆலோசனை அபிப்பிராயத்தில், சாகோஸைப் பிரித்தது சட்டத்துக்கு இணங்கியதன்று எனவும், பிரித்தானியா தன் நிருவாகத்தை இயன்றளவு விரைவில் முடித்துக்கொள்ளக் கடமைப்பட்டது எனவும் கூறியது. 2025 மே 22ஆம் நாள் மொரிசியஸுக்கு இறைமையைக் கையளிக்கும் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அவ்வொப்பந்தத்திலும் டியேகோ கார்சியாத் தளத்தைத் தொண்ணூற்றொன்பது ஆண்டுகள் தொடர்ந்து வைத்திருக்க வழி செய்யப்பட்டுள்ளது. இறைமை ஒருவருக்கு, ஓடுபாதை இன்னொருவருக்கு என்பதே இதன் பொருள்.

அந்த ஓடுபாதையின் நிழலிலே தமிழரும் அடைபட்டுக் கிடந்தனர் என்பதை எம் வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். 2021 ஒக்டோபரில் கனடாவை நோக்கிப் புறப்பட்ட மீன்பிடிப் படகொன்று பழுதுற்றது. அதிலிருந்த 89 தமிழர் டியேகோ கார்சியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுட் பலர் ஏறத்தாழ மூன்றாண்டுகள் வேலியிட்ட முகாமில், எலிகள் குடிபுகுந்த கூடாரங்களில், குழந்தைகளோடு அடைந்து கிடந்தனர். 2024 ஜூலையில் வழக்கை அத்தீவிலேயே விசாரிக்க நீதிமன்றம் முனைந்தபோது, பாதுகாப்பைக் காரணங்காட்டி அமெரிக்கா அனுமதி மறுத்தது. செப்டெம்பரிலேதான் விசாரணை நடந்தது. அவ்வாண்டு டிசம்பர் 16ஆம் நாள், அத்தடுத்துவைப்புச் சட்டபூர்வமற்றது என அப்பிரதேசத்தின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குண்டு சுமக்கும் விமானம் கேள்வியின்றி இறங்கும் தீவிலே, சட்டப் புத்தகம் சுமந்து வரும் நீதவான் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று! பழைய குண்டுவீச்சு விமானத்தைப் பேணுவதற்குப் பாலைவனமும் எஞ்சினும் மட்டும் போதா. சட்டத்தின் கை எளிதில் எட்டாத ஒரு தீவும் தேவைப்படுகிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அழிந்தபின் வரும் விமானம்

இனி இரண்டாம்வகை. சோவியத் நாட்டில் வரையப்பெற்று 1971இல் முதன்முறை பறந்த ஐ.எல்-76 என்னும் நான்கு எஞ்சின் சரக்கு விமானத்தை இந்திய விமானப்படை 1985 முதல் வைத்திருக்கிறது. 1988 நவம்பர் 3ஆம் நாள் இரவு ஆக்ராவிலிருந்து மாலைதீவுக்குப் பாராசூட் படையினரை இடைநில்லாது ஏற்றிச் சென்றது இவ்விமானமே. அதே வகை விமானத்தின் உடலில் எரிபொருட் தாங்கிகளைப் பொருத்தி வானத்தில் ஏனைய விமானங்களுக்கு எரிபொருள் ஊட்டவும், பெரிய ராடாரைப் பொருத்தி வான்வெளியைக் கண்காணிக்கவும் இந்தியா பயன்படுத்துகிறது. ஒரே உடல், மூன்று தொழில்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையைப் புரட்டிப்போட்டது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலையகத்தில் மண் சரிந்தது. வன்னியிலும் வெள்ளம் வயல்களை மூடியது. அப்போது இந்தியாவிலிருந்து மீட்புப் படையினரையும் நிவாரணப் பொருள்களையும் சுமந்துகொண்டு கொழும்புக்கு வந்த விமானங்களுள் இந்தப் பழைய ஐ.எல்-76உம் ஒன்று. அதற்கு எமது மக்கள் நன்றியுடையவர்கள். நாமும் நன்றி கூறுகிறோம்.

ஆயினும் ஓர் உண்மையை மறைப்பதற்கில்லை. நிவாரண விமானம் எவ்வளவு விரைந்து வந்தாலும் சாவுக்குப் பின்னரே வருகிறது. தறப்பாளும் அரிசியும் தரலாம்; மண்ணுக்குள் போனவரைத் தர முடியாது. அழுகிய கதிரைத் திருப்பித் தர முடியாது. ஆகவே எமது கேள்வி மூன்றாவது விமானத்தைப் பற்றியது.

அழிவுக்கு முன் வரும் விமானம்

அப்படியொரு விமானம் கற்பனையன்று. அது எமது வானத்துக்கு ஒருமுறை வந்தே இருக்கிறது. 1979ஆம் ஆண்டுக் கோடையில், பருவக்காற்றை ஆராய உலக நாடுகள் கூடி மொனெக்ஸ் என்னும் பெருந்திட்டம் ஒன்றை நடத்தின. அதிற் பறந்த விமானங்களுள் ஒன்று நாசா நிறுவனத்தின் கொன்வெயர் 990 ஜெட். பிரயாணிகளுக்கென 1960களின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்டு, விமானக் கம்பனிகளுக்கு எரிபொருட் செலவு கட்டுப்படியாகாமற் போன வகை அது. வணிகத்துக்கு உதவாதென ஒதுங்கிய விமானம், பறக்கும் ஆய்வுகூடமாயிற்று. பிரயாணிகளின் ஆசனங்களைக் கழற்றிய இடத்திற் கருவிகள் அமர்ந்தன. அரபிக்கடலின் மீது தென்மேற்குப் பருவக்காற்று எழும் விதத்தை அத்திட்டத்தின் விமானங்கள் அளந்து சென்றன. அன்று சேர்த்த அளவுகள் பருவமழை பற்றிய ஆராய்ச்சிகளுக்கு நெடுங்காலம் அடிப்படையாய் நின்றன.

அதன் பின் வந்த வாரிசு டி.சி-8 விமானம். 1969இற் கட்டப்பட்டு இரு விமானக் கம்பனிகளுக்கு உழைத்து ஓய்ந்த ஒன்றை நாசா 1985இல் விலைக்கு வாங்கிப் புதுக்கியது. பன்னிரண்டு மணி நேரம் இடைவிடாது பறக்கக் கூடிய அவ்விமானம், 1987இல் தென்னமெரிக்காவின் தென்கோடியிலிருந்து புறப்பட்டு அந்தாட்டிக்காவின் மேல் ஓசோன் படலத்தில் விழுந்த துளையை ஆராய்ந்தது. குளிர்சாதனப் பெட்டியில் இருந்த வாயுவே வானத்தைத் துளைத்தது என்ற உண்மையை உலகம் ஐயமற ஏற்றுக்கொள்ள அந்த ஆய்வுப் பறப்புகள் துணைநின்றன. 2024ஆம் ஆண்டிலேதான் அது ஓய்வு பெற்றது. ஐம்பத்தைந்து வயதிலும் கடைசியாக ஒரு கல்லூரி வேலை கிடைத்தது. இளைய விமானத் தொழிலாளர் பழகுவதற்கென ஐடஹோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு அது வழங்கப்பட்டது.

இன்னுமொன்று சொல்வோம். 1949இற் பிரித்தானியாவில் முதன்முறை பறந்த கன்பரா, குண்டுவீச்சுக்கென்றே பிறந்தது. இந்திய விமானப்படை அதனை 1957 முதல் 2007 வரை ஐம்பது ஆண்டுகள் வைத்திருந்தது. அதன் வழிவந்த அகன்ற இறகு விமானங்கள் மூன்றை நாசா இப்போது ஆய்வுக்குப் பயன்படுத்துகிறது. 2022இல் அவற்றுள் ஒன்று தென்கொரியாவிலிருந்து பறந்து, ஆசியப் பருவமழை மேலே தூக்கிச் செல்லும் புகையையும் மாசையும் வான்முகட்டில் அளந்தது. பி-52இன் கதையும் இதுவே. 1955இற் பறக்கத் தொடங்கிய ஒரு பி-52, நாசாவின் கையிற் குண்டு எதுவும் வீசாமல், ஆராய்ச்சி விமானங்களைத் தன் இறகின் கீழே தூக்கிச் சென்று விடுவதையே தொழிலாகக்கொண்டு 2004 வரை உழைத்தது. குண்டு வீசப் பிறந்த விமானமும் அறிவுக்கு உழைக்கும், உழைக்கவிட்டால்.

இத்தகைய விமானம் எமக்கு எதற்கு? வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகும்போது இன்று நாம் பெரும்பாலும் செய்மதிப் படத்தையே நம்பியிருக்கிறோம். செய்மதி மேகத்தின் முதுகைக் காட்டும். மேகத்தின் அடியிலே கடல்மட்டத்தில் அமுக்கம் எவ்வளவு, காற்று எத்தனை வேகம் என்பதைப் பெரும்பாலும் ஊகித்தே சொல்ல வேண்டும். விமானமோ சூறாவளியைச் சுற்றிப் பறந்து, பாராசூட் கட்டிய சிறு கருவிக் குழாய்களைப் போட்டுக்கொண்டே செல்லும். அவை கடலை அடையும்வரை அமுக்கம், வெப்பம், ஈரப்பதன், காற்று ஆகியவற்றை நொடிக்கு நொடி வானொலி மூலம் அனுப்பும். அவ்வளவுகள் கணினிக்குள் சென்றதும், புயல் எங்கே கரை ஏறும், எவ்வளவு வலுவோடு வரும் என்ற கணிப்புத் திருந்துகிறது. அட்லாண்டிக் கரையோர மக்களுக்கு அமெரிக்கா இந்தச் சேவையை ஆண்டுதோறும் செய்கிறது. சூறாவளியின் கண்ணுக்குள் விமானம் முதன்முதலில் வேண்டுமென்றே புகுந்தது 1943இல். எண்பது ஆண்டுகள் கடந்தும் வங்காள விரிகுடாவுக்கு அத்தகைய ஒழுங்கான சேவை இல்லை.

அதனால் இழப்பது யார்? 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை விழுங்கிய புயல் வடஇலங்கையையும் கடந்தே சென்றது. 1978 நவம்பரில் மட்டக்களப்பு, 2008 நவம்பரில் நிஷா, யுத்தத்தின் நடுவே தறப்பாளின் கீழ் கிடந்த வன்னி மக்களின் மேல், 2020 டிசம்பரில் புரெவி, 2025இல் டித்வா. எல்லாம் ஒரே கடலிலிருந்து வந்தவை.

இரணைமடுவை நினைத்துப் பார்ப்போம். 2018 டிசம்பர் 21, 22ஆம் நாட்களிற் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பெய்த பெருமழையில் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன; தாழ்ந்த ஊர்கள் வெள்ளத்துள் மூழ்கின; கதவுகள் உரிய வேளையில் திறக்கப்பட்டனவா என்ற வாதமும் எழுந்தது. எவரையும் குற்றஞ்சாட்ட நாம் இதனை எழுதவில்லை. குளத்தைக் காக்கும் பொறியியலாளரின் இக்கட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். மழை வருமென்று முன்னரே திறந்துவிட்டு, மழை வராது போனால் சிறுபோகத்துக்குத் தண்ணீரில்லை. இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்திற் சொல்லும்போது ஏச்சுக் கேட்பவர் அவரே. மழை வராதென்று பொறுத்திருந்து, வந்துவிட்டால் வெள்ளம். இரண்டு நாள் முன்னதாக நம்பத்தக்க கணிப்பொன்று கையில் இருந்தால் அவர் கையும் நடுங்காது. வட்டக்கச்சிக் கமக்காரனின் காலபோகமும் தப்பும், சிறுபோகமும் தப்பும். நாற்பதினாயிரம் அடி உயரத்துக்கும் வாய்க்கால் வரம்புக்கும் உள்ள சம்பந்தம் இதுவே.

பழையது ஆபத்தன்றோ?

நியாயமான மறுப்பொன்று உண்டு. பழைய விமானத்தை வாங்குவது ஆபத்தை வாங்குவதாகாதா? ஆகலாம். பிரித்தானியாவின் நிம்றொட் விமானத்தின் கதை அதற்குச் சான்று. உலகின் முதல் ஜெட் பிரயாணி விமானமான கொமெற்றின் உடலைத் தழுவிக் கட்டப்பட்டு 1969இற் சேவைக்கு வந்த கண்காணிப்பு விமானம் அது. 2006 செப்டெம்பர் 2ஆம் நாள் ஆப்கானிஸ்தானின் கந்தகார் அருகே வானத்தில் எரிபொருள் பெற்ற சிறிது நேரத்தில் ஒன்று தீப்பற்றிச் சிதறியது. பதினான்கு பேர் மாண்டனர். சட்டத்தரணி சார்ள்ஸ் ஹடன்-கேவ் நடத்திய விசாரணையின் அறிக்கை 2009இல் வெளிவந்தது. வழிந்த எரிபொருள் கொதிக்கும் காற்றுக்குழாயிற் பட்டிருக்க வேண்டும் என்பது தொழில்நுட்பக் காரணம். அதற்கப்பால், பாதுகாப்பு ஆவணத்தைத் தயாரித்தோர் விமானத்தைப் பாராமற் காகிதத்தைப் பார்த்தனர் என்பதும், சிக்கனத்தின் பெயராற் பாதுகாப்புப் பின்தள்ளப்பட்டது என்பதும் வெளிப்பட்டன. அடுத்த ஆண்டு, படைகளின் விமானங்களுக்கெனச் சுயாதீனமான கண்காணிப்பு அதிகாரசபை அங்கே நிறுவப்பட்டது.

இதிலிருந்து பெறும் பாடம் என்ன? விமானம் முதுமையினால் மட்டும் விழுவதில்லை; முதுமையைக் கணக்கில் எடாத நிருவாகத்தினால் விழுகிறது. இரணைமடுக் கட்டுக்கும் இது பொருந்தும். ஆகவே பழைய விமானமாயின், பறக்கும் தகுதியை ஆராய்வோர் அதனை இயக்குவோரின் கீழ் இருத்தல் ஆகாது. அவர்களின் அறிக்கை பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். இந்நிபந்தனை நிறைவேறாவிடின் விமானம் வேண்டாம் என்போம்.

நாம் கேட்பது

முதலாவது, வங்காள விரிகுடாவின் சூறாவளிக்கும் பருவமழைக்குமெனத் தனியான நெடுந்தூர அவதானிப்பு விமானம் ஒன்று. இதனை இலங்கை தனித்துச் செய்ய வேண்டியதில்லை; செய்யவும் இயலாது. இக்கடலுக்குரிய சூறாவளி அறிவிப்பு நிலையம் புதுடில்லியில் இருக்கிறது. பிம்ஸ்டெக் அமைப்பின் ஏழு நாடுகளுக்கும் பொதுவான வானிலை நிலையம் நொய்டாவில் இருக்கிறது. இந்த நாடுகள் கூடி, வணிகச் சேவையிலிருந்து ஓயும் நல்ல ஜெட் விமானம் ஒன்றைப் பெற்று மாற்றியமைப்பது, கொன்வெயரையும் டி.சி-8ஐயும் கண்ட உலகிற் புதுமையன்று. பங்குப் பணம் எங்கேயென இலங்கை அரசாங்கம் கேட்குமாயின், கிபீருக்குக் கண்ட இடத்திற் காண்க என்பதே எமது மறுமொழி.

இரண்டாவது, அந்த விமானம் தரும் எச்சரிக்கை தமிழில் வர வேண்டும். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வரும் அதே வேளையில் வர வேண்டும். 2025 நவம்பரில் தமிழில் எச்சரிக்கைகள் உரிய காலத்திற் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரை தமிழும் அரசகரும மொழி என்கிறது. கந்தோரில் விண்ணப்பப் பத்திரம் சிங்களத்தில் வந்தால் ஒரு நாள் வீண். புயலெச்சரிக்கை சிங்களத்தில் மட்டும் வந்தால் ஓர் உயிர் வீண். மொழியுரிமை பற்றிப் பேசுவது உணர்ச்சி அரசியல் என்று எள்ளுவோர் இதற்கு விடை கூறட்டும்.

மூன்றாவது, 1971இன் சமாதானப் பிரதேசத் தீர்மானத்தை இலங்கை மீண்டும் கையிலெடுக்க வேண்டும். அதற்கென 1972இல் அமைக்கப்பட்ட ஐக்கிய நாடுகள் குழுவை உறங்கவிட்டுச் சமுத்திரத்தை வல்லரசுகளின் ஓடுபாதையாக விட்டுவிடுவது, தான் முன்மொழிந்ததைத் தானே கைவிடுவதாகும். சாகோஸ் மக்களின் மீள்குடியேற்ற உரிமைக்கும் எமது குரல் சேர வேண்டும். எமது காணி எமக்கு வேண்டும் என்று கேட்பவர்கள், பிறர் காணி பிறருக்கு வேண்டும் என்பதில் மௌனம் சாதிக்கலாகாது.

இவையெல்லாம் கொழும்பும் டில்லியும் பேசும் காரியம். நமக்கேன் என்று ஒதுங்குவது அறிவாளிகளுக்கு அழகன்று. வடகிழக்கின் பாராளுமன்ற உறுப்பினர்கள் இதனைச் சபையில் எழுப்பட்டும். எமது பொறியியலாளரும் புவியியல் ஆசிரியரும் சட்டத்தரணிகளும் கூடித் தக்கதொரு மனுவை வரையட்டும். வட்டக்கச்சி முதலான ஊர்களின் கமக்கார அமைப்புகள் அடுத்த கூட்டத்திலேயே அதன் மேல் தீர்மானம் நிறைவேற்றி ஒப்பமிட்டு அனுப்பட்டும். வானிலையைப் பற்றிப் பேசக் கமக்காரனைவிட உரித்துடையவர் எவர்?

குண்டு சுமக்கும் விமானத்தை நூறாண்டு வாழவைக்கப் பணமும் அறிவும் உலகத்திடம் இருக்கின்றன. அழிந்தபின் அரிசி சுமக்கும் விமானத்தை நாற்பதாண்டு வாழவைக்க அயல்நாட்டிடம் இருக்கின்றன. மழையை முன்னறியும் விமானத்துக்கு மட்டும் இல்லையெனச் சொல்வதை இம்மக்கள் நம்பவேண்டியதில்லை. கேளாதவனுக்குக் கிடையாது, கேட்போம். ஒருமுறை கேட்டுக் கிடையாவிடின் மறுமுறை கேட்போம். அடுத்த கார்த்திகை நெடுந்தொலைவில் இல்லை.